புது வேன் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். கடிதத்தைக் கண்டதும் பதறிவிடாதே, இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். போனில் சொல்ல வேண்டியதை இந்தக் காலத்தில் யார் தாள் வாங்கி எழுதுகிறார்கள் என்று நீ உன் மனைவியிடம் சிரிப்பாய். உன் அப்பா இருக்கும் வீட்டில் உன்னோடு தனியாக இரண்டு வார்த்தை பேச முடிந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? போன் மணி அடித்தால் போதும், குளித்துக்கொண்டிருக்கும் மனுஷன் ஈரத் துண்டோடு வந்து நின்று "ஸ்பீக்கரைப் போடு" என்கிறார். மாடிக்குப் போனால் மாடிக்கும் வருகிறார். இப்போது ராஜபாளையம் போயிருக்கிறார், ஷெட்டில் நிற்கிற வேனைப் பார்க்க. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். அதற்குள் எழுதி, தபால் ஆபீசில் போய்க் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ரசம் வைக்க வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வேன் இனிமேல் தாங்காது, அப்பாவுக்குப் புதுசு வாங்கித் தருகிறேன் என்று போன வாரம் சொன்னாயே, அதை வாங்காதே. பணம் கட்டிப் பதிந்திருந்தால் ரத்து செய். அப்படியானால் பழசையே சரி பண்ணிக் கொடுத்துவிடுவோம் என்றும் ஆரம்பிக்காதே. அதுவும் வேண்டாம். அம்மாவுக்கு என்ன ஆயிற்று, ஓடாத வண்டியை ஷெட்டில் போட்டுவிட்டு எதுவும் செய்யாதே என்கிறாளே என்று தோன்றும். உன்னிடம் மறைத்து வைத்த ஒன்றைச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். உன் பிள்ளை பிறந்த நேரம் அது, உங்கள் இருவருக்கும் தூக்கமே இல்லாமல் இருந்தது, அதனால் அப்புறம் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். நாள் தள்ளித் தள்ளிப் போனதில் அதைப் பேச்சில் எடுப்பதே கஷ்டமாகிவிட்டது.

நீ ஏழாவது படிக்கும்போது வாங்கிய வேன் அது. அதற்கு முன்னால் அப்பா அடுத்தவர் வண்டியில் ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்கு ஆள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் போவார், நீ தூங்கிய பிறகு வருவார். சொந்த வண்டி வந்த பிறகுதான் உனக்கு அப்பா முகம் பகலில் தெரிந்தது. சுந்தரபாண்டியத்துப் பிள்ளைகளை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடங்களில் கொண்டுவந்து விடுகிற வேலை. நம் சர்ச்சில் இருந்து போதகர் வந்து வண்டி மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். ஆயுத பூஜை வந்தால் பிள்ளைகள் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து கண்ணாடி முதல் பம்பர் வரை பூசி, வாழைக்கன்றையும் கட்டிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அதே கோலத்தோடு சர்ச் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். எனக்கு மானம் போகும். "பிள்ளைக ஆசையாப் பூசினது, நான் எப்படிட்டி அழிப்பேன்?" என்பார். போதகர் அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போய்விடுவார்.

ஓர் ஐப்பசி மழையில் ஓடையில் தண்ணீர் ஏறி ரோட்டை மூடியது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீயும் வேனில் இருந்தாய், பிள்ளைகளை வீட்டில் விடுகிற நேரம். எதிரே வந்த லாரியும் பஸ்ஸும் துணிந்து கடந்தன. அப்பா வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு, தண்ணீர் வடியட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். இருட்டிய பிறகு கொண்டுபோய் விட்டதற்கு ஊரே திரண்டு வந்து திட்டியது. போன் கிடையாது, பெற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! வீட்டுக்கு வந்ததும் நானும் என் பங்குக்குத் திட்டினேன். "திட்டட்டும். பிள்ளைக வீடு சேந்துட்டாகல்லா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். பிள்ளை விஷயத்தில் அம்புட்டுக் கவனம் உள்ள மனுஷன். இனி சொல்லப் போவதைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்.

போன வருஷம் காலாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயம். காலையில் எப்போதும் போல சுந்தரபாண்டியத்தில் பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற இடத்தில் திரும்பவில்லை. நேரே போய்க்கொண்டே இருந்திருக்கிறார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பரீட்சைக்குப் பதில் சுற்றுலா போகிறோம் என்று பாட்டுப் பாடிக்கொண்டு போயிருக்கிறார்கள். வண்டி போய் நின்ற இடம் ஆலங்குளம் சிமெண்ட் ஆலை வாசல். அப்பா இறங்கிப் போய்க் கதவைத் திறந்து, யூனிஃபார்ம் போட்ட அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, "சார், இறங்குங்க. ஷிப்ட்டுக்கு நேரமாகுதுல்லா" என்றாராம்.

வாசலில் இருந்த வாட்ச்மேன் பழைய ஆள், அப்பாவைத் தெரிந்தவர். "அண்ணாச்சி, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்க இந்தப் பக்கம்?" என்று கேட்டு, முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று புரிந்து, உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். வேன் பக்கவாட்டில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து எனக்குப் போன் போட்டதும் அவர்தான். ராஜபாளையத்தில் நம் வண்டிக்கு எப்போதும் வேலை பார்க்கிற மெக்கானிக் கிருஷ்ணமராஜு இருக்கிறார் அல்லவா, அவரைத்தான் கூப்பிட்டேன். அவர் போட்டது போட்டபடி ஓடிப் போய், வேனைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, அப்பாவை வீட்டில் விட்டார். டீயைக் குடித்ததும் அப்பா தெளிந்துவிட்டாராம். பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் இருக்கீகளா, எல்லாரும் இருக்கீகளா" என்று ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது வேறு. "ரோட்டை எல்லாம் மாத்திப் போட்டுட்டானுக. ஒரு போர்டு வைக்க மாட்டானுகளா?" என்றார்.

மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். உன்னிடம் தலைச்சுற்றலுக்கு என்று சொன்னேனே, அந்தப் பயணம்தான். டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை, இது என்ன மாசம் என்று கேட்டார், ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஞாபகம் குறைந்துகொண்டு போகும் வியாதி, மாத்திரை கொஞ்சம் தாமதப்படுத்தும், திருப்பிக் கொண்டுவர முடியாது, வண்டி ஓட்டவே கூடாது என்றார். அப்பா பஸ்ஸில் வரும்போது, "கண்ணைக்கூடச் சோதிக்கல. படம் வரையச் சொல்லுதான். இவனெல்லாம் ஒரு டாக்டரு" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் தப்பு நடந்தது அதற்கு முன்னாலேயே. ஆலங்குளம் போன அன்று சாயங்காலம் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து நம் வீட்டுக்கு வந்தார்கள். கோபத்தோடுதான் கிளம்பியிருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வந்து பார்த்தால் அப்பா வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "வாங்க, வாங்க. ஏட்டி, காப்பி போடு" என்கிறார். வந்தவர்களில் பாதிப் பேர் சின்ன வயசில் அதே வேனில் போனவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் யாரோ ஒருவர், "வண்டி பழசாயிருச்சுல்லா அண்ணாச்சி, புகையும் நெறைய வருது. பள்ளிக்கூடத்துலயே பஸ் விடுதாக, கொஞ்ச நாளைக்கு அதுல அனுப்பிப் பாக்கோம்" என்றார். மற்றவர்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆமாம் அண்ணாச்சி, அடித்தகடு துருப்பிடிச்சிருச்சு. ஆமாம் அண்ணாச்சி, கதவு சரியா மூடல. நானும் காப்பித் தட்டோடு நின்றுகொண்டு, "நானே சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், எனக்கே அதுல ஏறப் பயமா இருக்கு" என்றேன். அப்பா துடைத்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நியாயம்தான். வண்டியைச் சரி பண்ணிட்டுச் சொல்லுதேன்" என்றார். எல்லாருக்கும் நிம்மதி. காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அந்த வேன்தான் எல்லாப் பழியையும் சுமக்கிறது. மறுநாளே அதை ஷெட்டுக்கு அனுப்பினார். கிருஷ்ணமராஜு பார்த்துவிட்டு, எஞ்சினைப் பிரிக்க வேண்டும், அடித்தகட்டை வெட்டி எடுத்து வெல்டிங் வைக்க வேண்டும், இதற்குச் செய்கிற செலவுக்குப் புதுசே பார்க்கலாம், ஆனாலும் செய்தால் ஓடும் என்றார். நான் தனியாகப் போய், "ராஜு, செய்யாதீக. செய்யிற மாதிரி இருங்க" என்றேன். அவர் ரொம்ப நேரம் ஸ்பேனரைத் தேடினார். பிறகு பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, "சரிக்கா" என்றார். அப்பா தினமும் பஸ் ஏறிப் போகிறார். கண்டக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நிறுத்தம் வந்ததும் அவர் தோளைத் தட்டி இறக்கிவிடுகிறார். இதுவும் எத்தனை நாளைக்கோ. வேலை சீக்கிரம் நடக்க வேண்டும் என்று போகும்போது பால்கோவா பொட்டலம் வேறு வாங்கிக்கொண்டு போகிறார். கிருஷ்ணமராஜு போன் பண்ணி, "அக்கா, எனக்கு சுகர் இருக்கு. அண்ணாச்சி எதிர்ல உக்காந்து தின்னு தின்னுங்காரு. நான் என்ன செய்ய?" என்று கேட்கிறார். பார்ட்ஸ் கோயம்புத்தூரில் இருந்து வர வேண்டும் என்று தினமும் ஒரு சாமானுடைய பெயரைச் சொல்லி அனுப்புகிறார். சொன்ன சாமானையே திரும்பச் சொன்னாலும் இப்போதெல்லாம் அப்பாவுக்குத் தெரிவதில்லை. அது எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. அப்படி நினைத்துவிட்டு அடுத்த நிமிஷமே என் மேல் எனக்கு வெறுப்பு வருகிறது.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று நீ கேட்பாய். சொல்லியும் பார்த்தாயிற்று. சுந்தரபாண்டியத்து மல்லிகா டீச்சரை உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் வேனில் ஏறினாலே வாந்தி எடுப்பாள், அவளுக்காக அப்பா சட்டைப்பையில் புளிப்பு மிட்டாய் வைத்திருப்பார். இப்போது அவளுடைய மகளும் அந்த வேனில்தான் போய்க்கொண்டிருந்தாள். இந்தப் பொய் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் தனியாக வந்து, அப்பா எதிரில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அண்ணாச்சி, வண்டி மேல குத்தமில்ல. உங்களுக்குத்தான் ஞாபகம் பெசகுது. பிள்ளைகளை ஆலங்குளத்துக்குக் கொண்டுபோயிட்டீக. நான் சொல்லுதது உங்களுக்குக் கோவமா?" என்றாள். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "கோவம் என்னம்மா" என்று அவள் மகளுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பினார். வாசல் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்து, "பாவம் அந்தப் பிள்ளை. வண்டி பழசுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சப்பட்டு, என்னைச் சொல்லுது" என்றார். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இந்த நிலையில்தான் உன் போன் வந்தது. ஸ்பீக்கரில், என் காது கேட்க, "புதுசே வாங்கித் தாரேன் அப்பா" என்றாய். நீ ஆசையாகச் சொன்னது. ஒரு மகன் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாய், உன் மேல் எனக்கு ஒரு சொட்டு வருத்தம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், உன் குடும்பத்திலும் நாளைக்கு உதவும். ஒரு பொருளை மாற்றலாமா, சரி பண்ணலாமா என்று யோசிப்பதற்கு முன்னால், நிஜமாகவே கெட்டுப்போனது அதுதானா என்று வீட்டில் இருப்பவர்களிடம் கேள். அவர்கள் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால் திரும்பவும் கேள். நான் அன்றைக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு, உன் பிள்ளைக்குப் பல் முளைத்ததா என்று பேச்சை மாற்றினேன். நீ திரும்பக் கேட்கவில்லை.

அப்பா அன்றே சட்டையை மாற்றிக்கொண்டு சுந்தரபாண்டியத்துக்குப் போய்விட்டார். வீடு வீடாக ஏறி, புது வண்டி வருது, என் மகன் அனுப்புதான், பிள்ளைகளை இனிமேல் பயமில்லாம அனுப்பலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். கூடவே போன நான் செருப்பைக் கழற்றாமல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றேன். எல்லாரும் சிரித்த முகத்தோடு, "வரட்டும் அண்ணாச்சி, பாப்போம்" என்றார்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அந்தப் பிள்ளையின் அம்மா என்னை மட்டும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் கும்பிடு போடுவது? புது வண்டி வந்து நின்றால் அவர்கள் எல்லாரும் என்ன சொல்வார்கள் என்று வழி எல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பழையதைச் சரி பண்ணி நிறுத்தினாலும் அதே கதிதான். அனுப்புகிறோம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. என் பேரப்பிள்ளையாக இருந்தால் நானே அனுப்ப மாட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அப்பா திடீரென்று, "ஏட்டி, தம்பிகிட்ட வண்டி வேண்டாம்னு சொல்லிருதியா?" என்றார்.

"ஏங்க, ஆசையா வாங்கித் தாரேங்கான். ஏன் வேண்டாம்?" என்றேன்.

மொச்சையை உரித்துக்கொண்டே சொன்னார். "புது வண்டி வந்து நின்னும் பிள்ளைக ஏறலைன்னா, பொறவு அவிய எதைச் சொல்லுவாக? வண்டியையா சொல்லுவாக?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. ஓடையில் தண்ணீர் வடியட்டும் என்று உட்கார்ந்திருந்த காலத்து முகம். "பழசையும் ராஜு ஒண்ணும் செய்ய வேண்டாம். அது அப்படியே கெடக்கட்டும்" என்றார். நான், மொச்சை போதுமா, இன்னும் உரிக்கணுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

ஒரு வழி பிறந்தது என்றுதான் நினைத்தேன், தம்பி. இன்று காலையில் எழுந்து, சவரம் பண்ணி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். "தம்பி போன் பண்ணானா? வண்டி எப்ப வருதாம்? என்ன கலருன்னு கேட்டியா? வெள்ளையா வாங்கச் சொல்லு, பிள்ளைகளுக்கு வெயில் தெரியாது." நேற்றுப் பேசியதை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். "நானா? வண்டி வேண்டாம்னு நானா சொன்னேன்? உனக்குத்தான் மறதி கூடிப்போச்சு" என்று என்னைக் கேலி பண்ணிவிட்டு, பால்கோவாப் பொட்டலத்தோடு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அப்பா இப்போது இரண்டு ஆளாக இருக்கிறார். நேற்று மொச்சை உரித்தவர் ஒருவர், இன்று கலர் கேட்டவர் ஒருவர். கலர் கேட்டவர்தான் சந்தோஷமாக இருக்கிறார். இனி அவர்தான் அதிகமாக வருவார் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது என்று காலையில் இருந்து மண்டையை உடைத்துக்கொண்டேன். நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியது மொச்சை உரித்தவரோடுதான். அவர் வாய் திறந்து ஒன்று கேட்டிருக்கிறார். இனி ஒரு தடவை கேட்க வருவாரோ மாட்டாரோ, அதைச் செய்து கொடுப்போம்.

வேனை ரத்து செய். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, முடிந்தபோது நீங்கள் மட்டும் வாருங்கள். போனில் அப்பா, வண்டி எப்ப வருது என்று கேட்பார். கம்பெனியில் நிறையப் பேர் வரிசையில் இருக்காங்க அப்பா, வந்துரும் என்று சொல். மறுநாளும் கேட்பார். அதையே சொல். அவருக்கு அது முதல் தடவை, உனக்கும் முதல் தடவை மாதிரியே இருக்க வேண்டும். சலித்துக்கொள்ளாதே, அவசரமாக இருக்கிறேன் என்று வைத்துவிடாதே. கலர் கேட்டால் வெள்ளை என்று சொல்.

அம்மா